ஆச்சிக்கு வீட்டுல வச்சு தோலுக்கடியில ஆன்டிபயாட்டிக் போட்ட சர்வீஸ், ஆறு நாள் அனுபவம்

மொத்தத்துல அஞ்சுக்கு நாலு குடுக்கலாம். மூணாம் நாளுக்கு மட்டும் தனியா மார்க் போடச் சொன்னா அரை மார்க் கூட கெடயாது, அது ஏன்னு கீழ வருது. சர்வீஸுக்க பேரு போடல, கொறையும் சொல்லப்போறேன்லா, நல்லா வேல செய்யுற ஒரு பிள்ளைக்க பொழப்புல அது மண்ணு விழுற மாதிரி ஆயிரக்கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் எடையில வீட்டுக்கு வந்து நர்சிங் பாக்கிறவிய இப்ப நெறய பேரு இருக்காவ, அதுல ஒண்ணு, அவ்வளவுதான்.

எங்க ஆச்சிக்கு 86 வயசு. மறதி நோய் மூணு வருசமா இருக்கு. பிரஷர் மாத்திர மட்டும் மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து தந்துட்டு போவாவ, மத்தபடி ஆசுபத்திரி பக்கம் போற ஆளு இல்ல. போன மழைக்கு ஒரு நாள் ராத்திரி குளிரு குலுக்கி எடுத்துட்டு, காய்ச்சல் 102, ஒண்ணுக்கு போவும்போ எரியுதுன்னு அழுவ, அதோட பேச்சும் தாறுமாறா போச்சு, குளச்சல் சந்தைக்கு நேரமாவுது கூடைய எடுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திச்சு நிக்குறாவ. சந்தைக்கு போனதெல்லாம் நாப்பது வருசத்துக்கு முன்னாடி. மறதி உள்ளவியளுக்கு எதாவது கிருமி ஏறுனா முதல்ல கொழம்புறது மூளதான்னு பெறவுதான் தெரிஞ்சது, நாங்க முதல்ல மறதிதான் கூடிட்டுன்னு நெனச்சோம்.

காலைல பக்கத்து கிளினிக்குக்கு தூக்கிட்டு போனோம். வெயின் கெடைக்கல. கையில ரெண்டு, மணிக்கட்டுல ஒண்ணு, காலுல ரெண்டு, அஞ்சு குத்து குத்தியும் ஒண்ணு நிக்கல, நின்ன ஒண்ணையும் ஆச்சி பிடிங்கி எறிஞ்சாச்சு, கட்டில் முழுக்க ரத்தம். கடைசியில இடுப்புல தசை ஊசியா போட்டாவ. ஆச்சி போட்ட சத்தம் ரோடு வர கேட்டிருக்கும். போட்டது செஃப்ட்ரையாக்சோன்னு ஒரு ஆன்டிபயாட்டிக், அத தசையில போட்டா நல்லா நொம்பலம் உண்டு, அதுக்குன்னே மரக்க வைக்கிற மருந்து கலந்துதான் போடுவாவ, அப்படி கலந்தும் இந்த கதி. ஆச்சிக்கு இடுப்புல தசைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல, தோலும் எலும்பும்தான், ஊசி எங்க போய் முட்டும்.

டாக்டர் ஏழு நாள் ஊசி வேணும்னு சொன்னாரு. மாத்திரையா குடுத்தா ஆச்சி கன்னத்துல ஒதுக்கி வச்சு அரமணிக்கூர் கழிச்சு துப்பிருவாவ. அட்மிட் பண்ணலாமான்னு கேட்டேன், அட்மிட் பண்ணா ராத்திரி கைய கட்டித்தான் போடணும், கொழப்பம் இன்னும் கூடும்னு அவரே சொல்லிட்டு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. பெறவு, பி.பி. நல்லா இருக்கு, தோலுக்கடியில ஏத்திப் பாப்போம், வீட்டுலயே வச்சு பண்ணலாம்னாரு. எனக்கு முதல்ல புரியல. இன்சுலின் மாதிரியான்னு கேட்டேன். எடம் அதேதான், ஆனா இன்சுலின் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு, இது ஒரு சின்ன பாட்டில் மொத்தமா உள்ள போவணும்னாரு. அந்த மருந்து பெட்டியில நரம்புலயும் தசையிலயும் போடன்னுதான் எழுதியிருக்கும், தோலுக்கடியிலன்னு எழுதியிருக்காது, அதையும் மறைக்காம சொல்லி கையெழுத்தும் வாங்கினாரு. பி.பி. எறங்குனாலோ ஒண்ணுக்கு கொறஞ்சாலோ ஆளு சோர்ந்து படுத்தாலோ எனக்கு போன் பண்ணிட்டு நிக்காதீங்க, நேரா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆசுபத்திரிக்கு கொண்டு போங்கன்னு சீட்டுலயே எழுதி தந்தாரு. ஆளு அதிர்ச்சி நிலைக்கு போனா தோலுக்கு ரத்தமே சரியா போவாதாம், அங்க போடுற மருந்து அங்கேயே கெடக்கும், அந்த நேரம் இந்த வழி ஆவாதுன்னு காரணமும் சொன்னாரு. இடுப்புல போட்ட முதல் டோஸுக்கு பெறவு அங்கயே ஒரு மணிக்கூர் பாத்து அலர்ஜி ஒண்ணும் இல்லன்னு ஆனதால மிச்சம் ஆறு வீட்டுல.

வீட்டுக்கு வந்ததும் சித்தி மொவளுக்கு போன் போட்டேன், மஸ்கட்டுல ஸ்டாஃப் நர்ஸ். நம்ம மாவட்டத்துல எந்த குடும்பத்துல போன் எடுத்தாலும் ஒரு நர்ஸ் வெளிநாட்டுல இருப்பா, அதுக்கு ஒரு புண்ணியம். அவ சொன்னது என்னன்னா இது புதுசும் இல்ல நாட்டு வைத்தியமும் இல்ல, பிரான்ஸ்ல வயசானவிய வார்டுல ரொம்ப நாளா பழக்கமாம், 2015ல அங்க டாக்டர்மார்ட்ட எடுத்த ஒரு சர்வே வந்திருக்கு, 382 பேருல 96 சதவீதம் பேரு தோலுக்கடியில ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்காவ, அதுல எல்லாருமே எழுதுன மருந்து இந்த செஃப்ட்ரையாக்சோன். ஒரு நாளைக்கு ஒரு தடவ போதும், எட்டு மணிக்கூர் கழிச்சும் பாதி உடம்புல நிக்கும், அதனாலதான் வீட்டு வேலைக்கு இது தோதுன்னா. நரம்புல போட்டா சட்டுன்னு ஏறும், தோலுக்கடியில போட்டா பைய ஏறும், உச்சம் கொஞ்சம் கொறைவா இருக்கும், ஆனா கடைசியில உள்ள போய் சேருற மொத்த அளவு ஏறக்குறைய ஒண்ணுதான். இதுல தப்பு நடக்கிறது மருந்துனால இல்ல அண்ணா, அவசரத்துனாலன்னு ஒரு வார்த்த சொன்னா பாருங்க, மூணாம் நாள் அத நெனச்சு நெனச்சு எரிச்சல் பட்டேன்.

மருந்து வாங்குற கதைய சுருக்கமா சொல்லிருதேன். செஃப்ட்ரையாக்சோன் ஒரு கிராம் வயல் (பொடி மருந்து இருக்கிற சின்ன குப்பி), நூறு மில்லி நார்மல் சலைன், ட்ரிப் செட், பத்து மில்லி சிரிஞ்சு, ஸ்டெரைல் வாட்டர், நீல றெக்கை வச்ச 23 கேஜ் ஸ்கால்ப் வெயின் ஊசி, பிளாஸ்டர், எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 250 ரூவாக்கிட்ட ஆச்சு. மெடிக்கல்ல தனியா ஒரு நோட்டு எடுத்து ஆச்சிக்க பேரு, டாக்டருக்க பேரு, எத்தன வயல் எல்லாம் எழுதினாவ. இது எதுக்குன்னு கேட்டா ஹெச்1 மருந்து, 2014ல இருந்து இப்படி எழுதி மூணு வருசம் வச்சிருக்கணும்னு சட்டம்னாரு கடைக்காரரு. சீட்டு இல்லாம வந்து கேக்கிறவியட்ட இதே நோட்ட தூக்கி காட்டித்தான் ஓட்டுவேன்னு ஒரு சிரிப்பு.

சரி, சர்வீஸுக்கு வாறேன். வாட்ஸப்புல சீட்ட அனுப்பினதும் பத்து நிமிசத்துல கூப்பிட்டாவ. விசிட்டுக்கு 500, தூரத்துக்கு 100, மருந்து சாமான் எல்லாம் நம்ம வாங்கி வைக்கணும். தோலுக்கடியிலன்னு எழுதியிருக்கே, பழக்கம் உள்ள ஆளு உண்டான்னு கேட்டேன், ஒரு சிஸ்டர் உண்டு, திருவனந்தபுரத்துல பாலியேட்டிவ் கேர்ல வேல செஞ்சவிய, அவியளத்தான் அனுப்புவோம்னு சொன்னாவ. இந்த ஒரு கேள்விய யாரு கேட்டாலும் கேக்காட்டாலும் நீங்க கேளுங்க. கேரளாவுல வீட்டு வீடா போய் கடைசி கால நோயாளிகள பாக்குற ஏற்பாடு ரொம்ப வருசமா இருக்கு, அங்க மார்பின் மொதக்கொண்டு தோலுக்கடியில போட்டு கை பழகுனவிய நம்ம பக்கம் கொஞ்சம் பேரு உண்டு.

முதல் நாள் சாயங்காலம் அந்தப் பிள்ள வந்துச்சு. முப்பது வயசு இருக்கும், ஸ்கூட்டி, தோளுல ஒரு பை, கையில வெள்ளையா பிளாஸ்டிக் டப்பா. வந்ததும் ஊசிய எடுக்கல. ஆச்சிக்க பக்கத்துல கட்டில்ல இருந்துட்டு, ஆச்சி மதியம் என்ன சாப்ட்டியன்னு கேட்டுச்சு. கஞ்சியும் பயறும்னாவ ஆச்சி, சாப்டது இட்லி. அது பாட்டுக்கு பேசிக்கிட்டே பி.பி. பாத்து, ஜுரம் பாத்து, எங்க அம்மைட்ட இதுக்கு முன்னால எந்த ஊசிக்காவது, பென்சிலினுக்கு குறிப்பா, தடிப்பு மூச்சுமுட்டு வந்திருக்கான்னு கேட்டுச்சு. நான் பதிலுக்கு ஒண்ணு கேட்டேன், திடீர்னு அலர்ஜி ஆனா என்ன செய்வியன்னு. பையத் தொறந்து அட்ரினலின் ஆம்பூல காட்டிச்சு. அத கையில வச்சிருக்காத ஆள வீட்டுக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஊசி போட விடாதிய, நான் சொல்லுதேன்.

வயித்துல போடலாம், தொப்புள விட்டு நாலு விரல் தள்ளின்னு சொன்னதும் ஆச்சி சேலய இறுக்கி பிடிச்சாச்சு. எனக்கு பட்டி கடிக்கல்லன்னு ஒரே கத்து. எங்களுக்கு சிரிப்பு தாங்கல, ஆனா பாவம் அவியளுக்கு வயித்து ஊசின்னா அந்த ஞாபகம்தான், பண்டு நாய் கடிச்சா தொப்புள சுத்தி பதினாலு நாள் பதினாலு ஊசி போடுவாவ, அந்த மருந்த 2005 வாக்குலதான் நம்ம நாட்டுல நிறுத்துனாவ, ஆச்சிக்க தம்பிக்கு போட்டத பக்கத்துல நின்னு பாத்தவிய. நேத்து சாப்ட்டது நெனவு இல்ல, அது நெனவு இருக்கு. இதுவும் அதே தோலுக்கடி ஊசிதான்னு சொல்ல நமக்கு வாய் வருமா.

அந்தப் பிள்ள அவசரப்படல. வெளிய போய் வயல்ல தண்ணி விட்டு கலக்கி, பொடி முழுசா கரைஞ்சு இளமஞ்சளா ஆனதும் சலைன் பாட்டில்ல ஏத்திச்சு. எங்க வீட்டுல முந்தி வாங்கி வச்ச ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட், சலைன் மாதிரி ஏத்துறது) பாட்டில் ஒண்ணு கெடந்துச்சு, இதுல கலந்தா ஒரு பாட்டில் மிச்சம்லான்னு அம்ம கேட்டாவ. ஆர்.எல்.ல கால்சியம் உண்டு, இந்த மருந்து கால்சியத்தோட சேர்ந்தா வெள்ளையா படிஞ்சிரும், எக்காரணம் கொண்டும் கூடாதுன்னு சொல்லிச்சு. கொசுவலை கட்டுற கொக்கியில பாட்டில மாட்டி, டியூப்ல காத்து போவ விட்டு, ஆச்சிக்க வயித்துல பக்கவாட்டுல தோல ரெண்டு விரலால மடிச்சு பிடிச்சு சாய்ச்சு ஊசிய விட்டுச்சு. ஆச்சி ஒரு ‘ஸ்’ மட்டும். டியூப்ல ரத்தம் வருதான்னு பாத்துச்சு, வரல்ல, அப்ப நரம்புல இல்லன்னு அர்த்தம். இங்க ரத்தம் வந்தா தப்பு, வரல்லன்னா சரி, நரம்பு ஊசிக்கு நேர் தலைகீழ். மேல கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டர், அடியில தோலு செவக்குதான்னு பாக்கிறதுக்கு.

பெறவு ரோலர திருகி, வாச்ச பாத்து சொட்ட எண்ணிச்சு. நிமிசத்துக்கு நாப்பது. இந்த ட்ரிப் செட்டுல இருபது சொட்டு ஒரு மில்லி, அப்ப நிமிசத்துக்கு ரெண்டு மில்லி, நூறு மில்லிக்கு அம்பது நிமிசம். நான் கணக்கு போட்டு சொன்னதும் ஆமா அண்ணா, அம்பது நிமிசத்துக்கு கொறைய மாட்டேன், கூடுனா கூடட்டும்னு சொல்லிட்டு ஸ்டூல இழுத்து போட்டு இருந்துச்சு. அம்பது நிமிசமும் இருந்துச்சு, போன எடுத்து நோண்டல, அப்பப்ப கைய வச்சு வயித்த தொட்டு பாத்துச்சு. ஊசி போன எடத்துல கொஞ்சம் கொஞ்சமா ஒரு வீக்கம், பாதி எலுமிச்சம்பழத்த தோலுக்குள்ள வச்சு தச்ச மாதிரி, மெத்துன்னு. எனக்கு வெப்ராளம். இது வரும், தண்ணி அங்கதான நிக்குது, ஒரு மணிக்கூருல உடம்பு உறிஞ்சிரும், சூடா செவப்பா கல்லு மாதிரி ஆனாத்தான் எனக்கு சொல்லணும்னு சொல்லிச்சு. ராத்திரி எட்டு மணிக்கு தொட்டு பாத்தேன், ஒண்ணும் இல்ல, ஊசி குத்துன புள்ளி மட்டும்.

காசு வாங்குறது இந்த அம்பது நிமிசத்துக்குத்தான்னு எனக்கு அன்னைக்கே பட்டுச்சு. குத்துறது யாரும் குத்தலாம், ரெண்டு நிமிச வேல.

ரெண்டாம் நாள் வயித்துக்க மறு பக்கம். இருபது நிமிசம் நல்லா போச்சு, ஆச்சிக்கு கை அரிச்சுதோ என்னவோ டியூப பிடிச்சு ஒரே இழு. ஊசி வெளிய வந்துட்டு. நரம்புல இருந்து பிடிங்குனா கட்டில் நனையும்லா, இங்க ரெண்டு சொட்டு ரத்தம், பஞ்சு வச்சு அமுக்குனதும் நின்னுட்டு. புது ஊசி மாத்தி தொடையில மிச்சத்த ஏத்திச்சு. கூட ஒரு ஸ்கால்ப் வெயின் எப்பவும் வாங்கி வைங்கன்னு சொல்லிச்சு, இருபது ரூவா கூட வராத சாமான், ராத்திரி மழையில அதுக்காக தக்கல வர ஓட முடியாது. போவும்போ, நாளைக்கு முதுகுல போட்டு பாப்போம், ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, அங்க ஆச்சிக்க கை எட்டாதுன்னு சொல்லிட்டு போச்சு. கேட்டதும் எனக்கு சிரிப்பு, இத்தன வருசம் முதுகு சொறிய நம்மள கூப்பிட்டாவ, அந்த எடம்தான்.

மூணாம் நாள் அது வரல்ல. லீவாம். வேற ஒருத்தர அனுப்பினாவ, சொல்லாம கொள்ளாம, கதவ தொறந்தா ரெயின்கோட்டோட ஒரு தம்பி நிக்கான். நல்ல மழ, அவனுக்கு அடுத்து திங்கள்சந்தை பக்கம் ஒரு வீடு, அதுக்கடுத்து இன்னொண்ணு. தோலுக்கடியிலயா, நரம்பு பாக்கட்டான்னு கேட்டதுலயே எனக்கு பாதி போச்சு. முதுகுல போட சொன்னேன், அதெல்லாம் வேண்டாம்ணா தொடையே போதும்னு சொல்லி குத்தியாச்சு. குத்துனது தப்பில்ல. ரோலர தொறந்து விட்டான் பாருங்க, சொட்டு இல்ல, நூல் மாதிரி ஒழுகுது. மெதுவா போடணும்னு சிஸ்டர் சொல்லிச்சேன்னேன். அது பாட்டுக்கு ஏறும்ணான்னு போன பாக்கான். நான் ஸ்டாப்வாட்ச் போட்டேன், பன்னண்டு நிமிசம். அம்பது நிமிச வேல பன்னண்டு நிமிசத்துல. ஆச்சி முதல்ல முனங்குனாவ, பெறவு அழுவ ஆரம்பிச்சாவ, தொடையில ஒரு தேங்கா மூடி கவுத்தி வச்ச மாதிரி இறுகிப் போய் வீக்கம், தொட விடல. நாந்தான் ரோலர மூடினேன், அதுக்குள்ள பாட்டில் காலி.

அவன் ஊசிய உருவி ஒரு பேப்பர்ல சுத்தி சன்னல் திண்டுல வச்சுட்டு கெளம்பியாச்சு. எங்க வீட்டுல மூணு வயசு பிள்ள ஓடி நடக்கு. அந்த சிஸ்டரு கொண்டு வாற வெள்ள டப்பா எதுக்குன்னு அப்பதான் எனக்கு ஒறச்சது, குத்துற சாமான் எல்லாம் அதுல போட்டு அதே எடுத்துட்டு போவும், நம்ம குப்பையில விழாது. குப்ப எடுக்க வாற அக்காமாருக்க கையில குத்துனா யாரு பதில் சொல்லுவா.

அன்னைக்கு ராத்திரி முழுக்க ஆச்சிக்கு நொம்பலம். வீக்கம் வத்த மறுநாள் உச்ச நேரம் வர ஆச்சு, செவப்பு ரெண்டு நாள் நின்னுச்சு. மஸ்கட்காரிட்ட போட்டோ அனுப்பினேன். அவ உடனே சொன்னா, பிரான்ஸ்ல 219 வயசானவியள பாத்து ஒரு ஆய்வு வந்திருக்கு, நாலுல ஒருத்தருக்கு கிட்ட அந்த எடத்துல வலியோ தடிப்போ இருந்திருக்கு, பெரும்பாலும் லேசுதான், அதுவும் வேகமா ஏத்துனவியளுக்குத்தான் கூடுதலா வந்திருக்குன்னு. அப்ப மெதுவா ஏத்துறது அந்தப் பிள்ளைக்க தனி வழக்கம் இல்ல, வேலைக்க முறையே அதுதான். நான் சர்வீஸ் ஆபீசுக்கு போன் பண்ணி நல்லா ஏசினேன், எனக்கு ஏசினது கொஞ்சம் கூடிப் போச்சுன்னு பெறவு தோணிச்சு, அந்தத் தம்பிக்கும் ஒரு நாளைக்கு எத்தன வீடு குடுக்குறாவளோ, ஆனா சன்னல்ல வச்ச ஊசிய நெனச்சா திரும்பவும் கோவம் வருது. நாலாம் நாள்ல இருந்து அதே சிஸ்டர் வரும்னு உறுதி சொன்னாவ, அத காப்பாத்துனாவ.

நாலு, அஞ்சு, ஆறு மூணு நாளும் முதுகுல. ஆச்சிய சாய்ச்சு படுக்க வச்சு, தலையணைய கட்டிப் பிடிக்க குடுத்து, நாப்பது சொட்டு கணக்குல. தேடி தேடி பாத்தாவ, கைக்கு எட்டல, விட்டுட்டாவ. ஒரு நாள் நடுவுல கரண்டு போச்சு, அந்தப் பிள்ள போன் டார்ச்ச பாட்டிலுக்கு நேரா பிடிச்சுட்டு சொட்ட எண்ணிட்டே இருந்துச்சு, ஆச்சி அதுக்க மடியில கால தூக்கி போட்டு உறங்கியாச்சு. அம்ம கட்டன் சாயாவும் மட்டிப்பழமும் குடுத்தாவ, சாயா ஆறிப் போச்சு, பழம் மட்டும் தின்னுச்சு.

நாலாம் நாளே காய்ச்சல் விட்டுட்டு, சந்தைக்கு போற பேச்சும் நின்னுட்டு. என்ன கிருமி, எந்த மருந்துக்கு கேக்கும்னு பாக்கிற கல்ச்சர் ரிப்போர்ட்டும் அன்னைக்குத்தான் வந்துச்சு, ஈ.கோலைங்கிற கிருமி, செஃப்ட்ரையாக்சோனுக்கு கேக்கும்னு இருந்துச்சு, கூடவே அஞ்சாறு மருந்துக்கு கேக்காதுன்னும் இருந்துச்சு, படிச்சா பயமா இருக்கு. கேக்குற வரிசையில அமிகாசின்னு இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும் இருந்ததால, இதுவும் இப்படி போடலாமான்னு சிஸ்டர்ட்ட சும்மா கேட்டேன். அய்யோ அண்ணா அத தோலுக்கடியில போட்டா தோலே அழுகிப் போன கேஸ் எல்லாம் உண்டு, எல்லா ஆன்டிபயாட்டிக்கும் இதுக்கு ஆவாதுன்னு சொல்லிச்சு. இது ரொம்ப முக்கியமான வெசயம், எங்க வீட்டுல போட்டாவ நல்லா ஆச்சுன்னு நான் எழுதுனத படிச்சுட்டு கையில இருக்கிற எந்த வயலையாவது தூக்கிட்டு யாரும் கெளம்பிரக் கூடாது. எந்த மருந்து, எத்தன நாள், இந்த வழி சரியாங்கிறத டாக்டர் சொல்லணும், நான் சொல்ல வந்தது சர்வீஸ பத்தி மட்டும்.

யாருக்கு இது உதவும்னு கேட்டா, வெயின் கெடைக்காத, மாத்திர முழுங்காத, ஆசுபத்திரியில போட்டா கொழம்பிப் போற வயசானவிய வீட்டுல இருந்தா டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டு பாருங்க. நம்ம ஊரு டாக்டர்மாரு எல்லாரும் இத எழுத மாட்டாவ, கேட்டா மொறைக்கவும் செய்யலாம். ரொம்ப மோசமா கெடக்குற ஆளுக்கு கேக்கவே வேண்டாம், வண்டிய எடுங்க. கால்ல நீர் கோத்து வீங்கியிருந்தா அந்தக் காலுல போடக் கூடாதுன்னும் சிஸ்டர் சொல்லிச்சு, ஏற்கனவே தண்ணி நிக்கிற எடத்துல இன்னும் விட்டா எங்க போய் உறிஞ்சும்.

சர்வீஸ எடுக்குறதா இருந்தா முதல்லயே பேசிக்கோங்க, ஆறு நாளும் ஒரே ஆளு வரணும், மாறுனா முந்தின நாளே சொல்லணும், பாட்டில் தீருற வர ஆளு உக்காரணும். நான் இத ஒண்ணும் பேசாம விட்டது எனக்க தப்பு. நேரத்துக்கு வாறதுல கொற சொல்ல முடியாது, அஞ்சு மணின்னா அஞ்சே கால் தாண்டல. வாட்ஸப்புல பி.பி., ஜுரம் எல்லாம் எழுதி டாக்டருக்கும் நமக்கும் சேர்த்து தெனமும் அனுப்பினாவ, அது நல்ல பழக்கம்.

இனி பில்லு. 4500 ரூவா. ஆறு விசிட் 3600 சரி, மிச்சம் 900 என்னன்னு பாத்தா ‘ஐ.வி. சார்ஜ்’, அதாவது நரம்புல ஏத்துனதுக்கு, ஒரு நாளைக்கு 150. ஐ.வி. கெடைக்காமத்தான உங்கள கூப்பிட்டோம், ஐ.வி.யே போடலியேன்னு கேட்டேன். அது சார், எங்க சாஃப்ட்வேருல தசைக்கு ஐ.எம்., நரம்புக்கு ஐ.வி., ரெண்டு ஆப்ஷன்தான் இருக்கு, பாட்டில் மாட்டுனா ஐ.வி.ன்னுதான் விழும்னு ஆபீஸ்ல உள்ளவன் சொல்லுதான். பாட்டில் மாட்டுன கொக்கி எங்க வீட்டுக் கொக்கிதானேன்னேன். ரெண்டு தடவ போன் பண்ணி, ஒரு தடவ நேருல போய், அடுத்த வாரம் 900 ஜிபேல திரும்ப வந்துச்சு. மூணாம் நாள் விசிட் காசு 600 கேட்டதுக்கு, சார் மருந்து உள்ள போச்சுல்லான்னான்.